உப்புப் பூத்த எர்த் வயர்

"ஏம்ப்பா, வண்டியைக் கடல்ல இறக்கிக் குளிப்பாட்டுறியா?"

வீட்டு வாசலில் நின்ற காரின் பானெட்டுக்குள் தலையை விட்டிருந்த மெக்கானிக் நிமிராமலே கேட்டார். பக்கத்தில் ஸ்பானர் பெட்டியோடு நின்ற வண்டிக்காரனுக்கு எரிச்சல் பற்றிக்கொண்டு வந்தது.

"விளையாடாதீங்கண்ணே. ஒருநாள் கிளம்புது, ஒருநாள் மல்லாக்கப் படுத்துடுது. நாளைக்கும் வரலைன்னா வேற கார் பாத்துக்கறோம்னு பிள்ளைங்க வீட்டுல எல்லாரும் சொல்லிட்டாங்க. பொழப்பே போயிடும்."

தெருப் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் விட்டு, சாயங்காலம் திரும்பக் கூட்டி வருவதுதான் அவன் வேலை. பிள்ளைகள் வைத்த பெயர் கார் மாமா. பெற்றவர்களும் அப்படியே கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள். அதில் அவனுக்கு இருந்த பெருமை கொஞ்சநஞ்சமல்ல. குட்டி விரல்கள் நசுங்காமல் பார்த்துப் பார்த்துக் கதவைச் சாத்துகிற ஆள்! கடைசிப் பிள்ளை பெல்ட் போடும்வரை வண்டி ஒரு இஞ்ச் நகராது.

மெக்கானிக் போல்ட்டைத் தளர்த்தி ஒரு பட்டையை வெளியே உருவினார். என்ஜினையும் வண்டியின் உடம்பையும் இணைக்கிற எர்த் வயர். செம்பு நிறத்தில் பளபளவென்று இருக்க வேண்டிய பின்னல் பச்சை பூத்துப்போய், கை பட்டதும் பொலபொலவென்று உதிர்ந்தது.

"பேட்டரி புதுசு. செல்ஃப் மோட்டார் ஜம்முனு இருக்கு. ஆனா கரண்ட் திரும்பிப் போக வழி இருந்தாத்தானே என்ஜின் சுத்தும்? ரெண்டு மாசம் முன்னாடி பழசை எடுத்துட்டு நானே புதுசு மாட்டினேன். வருஷக்கணக்கா உழைக்க வேண்டியதுப்பா இது."

"டூப்ளிகேட் எதையாவது என் தலையில கட்டியிருப்பீங்க."

"அடப்பாவி! என்னையே சொல்றியா?" மெக்கானிக் போல்ட்டைச் சுற்றிப் படிந்திருந்த வெள்ளைப் பொடியைச் சுரண்டி நாக்கு நுனியில் வைத்தார். தூவென்று துப்பினார். முகமே மாறிவிட்டது. "உப்பு."

"என்னது?"

"சமையல் உப்புப்பா. கரைச்சு எடுத்துட்டு வந்து இது மேலயே குறிபாத்து ஊத்தியிருக்காங்க. மழைத் தண்ணின்னா சுத்தி இருக்கறதெல்லாம் துருப்பிடிச்சிருக்கும். மத்த போல்ட்டைப் பாரு, புத்தம் புதுசா இருக்கு. இது வெளியாள் வேலை இல்ல. பானெட்டைத் திறக்கணும்னா வண்டிக்குள்ள இருக்கற லீவரை இழுக்கணும், அதுக்கு வண்டிச் சாவி வேணுமே."

கார் மாமாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. வீட்டில் இருப்பது யார்? அவன், அவன் மனைவி, வேலை தேடி வந்து தங்கியிருக்கும் மச்சான். அந்த மச்சானுக்குப் போன மாதம்தான் லைசென்ஸ் கிடைத்திருந்தது!

"என் வீட்டுலயே தின்னுட்டு என் வயித்துலயே அடிக்கிறானா?" வீட்டைப் பார்த்துக் கத்தினான். "ஏய், உன் தம்பியை வெளிய வரச் சொல்லு! இன்னைக்கே பெட்டி படுக்கையோட கிளம்பணும் அவன்!"

மனைவி புடவைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டே ஓடி வந்தாள். "மெதுவாங்க. தெருவே பாக்குது."

"பாக்கட்டும்! எர்த் வயர்ல உப்புத் தண்ணி ஊத்தியிருக்கான் உன் தம்பி. என்னைக் கவுத்துட்டு அவன் ஸ்டியரிங்ல உக்காரலாம்னு நினைப்பு."

"அவன் இல்லீங்க."

"தம்பிக்கு வக்காலத்து வாங்காத!"

"அவன் இல்லைன்னு சொல்றேன்ல? நான்தான் ஊத்தினேன். ராத்திரி சாதம் வடிச்சு முடிச்சுட்டு, தினமும் ஒரு டம்ளர்."

கம்பி பிரஷ்ஷால் துருவைத் தேய்த்துக்கொண்டிருந்த மெக்கானிக் அப்படியே நின்றுவிட்டார்.

"இந்த வயர் போனா வண்டி அசையாதுன்னு நீங்கதானே அண்ணே இதை மாட்டின அன்னைக்குச் சொன்னீங்க?" என்றாள் அவரிடம். "உப்புக் காத்து பட்டாலே அரிச்சிடும்னும் சொன்னீங்க."

கார் மாமா ஓரடி பின்வாங்கினான். ஊரே சேர்ந்து ஏமாற்றியிருந்தால்கூடத் தாங்கியிருப்பான். இவளா?

"நம்ம பொழப்புடி இது! என் மேல அப்படி என்ன பகை உனக்கு?" அவளைப் பார்க்கவே பிடிக்காமல் திரும்பிக்கொண்டான். "அண்ணே, நீங்க புது வயரை மாட்டுங்க. இவகிட்ட அப்புறம் பேசிக்கறேன்."

"மாட்டாதீங்கண்ணே!" அவள் குறுக்கே புகுந்து என்ஜின் மேலேயே இரண்டு கையையும் வைத்துக்கொண்டாள். "டாக்டர்கிட்ட போலாம் வாங்கன்னு எத்தனை தடவை கெஞ்சினேன்? எனக்கென்ன, கல்லு மாதிரி இருக்கேன்னு சிரிச்சீங்க. தூக்கத்துல உங்களுக்கு வலிப்பு வருதுங்க! விடிஞ்சா உங்களுக்கு ஒண்ணுமே ஞாபகம் இருக்கறதில்ல. போன்ல படம் பிடிச்சு டாக்டர்கிட்ட காட்டினேன். இவர் இனிமே வண்டியைத் தொடவே கூடாதுன்னுட்டார். சொன்னா நொறுங்கிப் போயிடுவீங்களேன்னுதான்…"

தெருச் சத்தமெல்லாம் எங்கோ தூரத்தில் கேட்பதுபோல் இருந்தது அவனுக்கு. உதட்டை நனைத்துக்கொண்டான்.

"தூக்கத்துலதானே?" "நான் என்ன தூங்கிக்கிட்டா ஓட்டறேன்?"

அவள் கண்ணைத் துடைக்கவில்லை. கையையும் எடுக்கவில்லை.

"போன வாரம் காலையில பிள்ளைங்களை ஏத்தக் கிளம்பி, வண்டி ஸ்டார்ட் ஆகாம சாவியைத் திருகிக்கிட்டே இருந்தீங்களே, அப்ப தூங்கலைங்க நீங்க," என்றாள். "ஆக்ஸிலேட்டரை அழுத்தின கால் அப்படியே விறைச்சுப் போச்சு, அதை எடுத்துவிட என் ஒருத்தியால முடியலைங்க."