மூடி மேல் மச்சான்

பால், முட்டை, வெண்ணெய் எதுவும் சேர்க்காமல் வீட்டிலேயே கோதுமை பிரெட் சுடப்போகிறேன் என்றதும் என் மனைவியின் அண்ணன் தில்லைநாயகம் சிரித்தார். "அதுக்குப் பேரு செங்கல்லு மாப்ள. மாவு மட்டும் பொங்கிடுச்சுன்னா என் மீசையை எடுத்துடறேன்."

ஈஸ்டுக்குப் பதிலாக ஒரு கரண்டி இட்லி மாவை விட்டேன். மாவு பொங்குவதில் கைராசிக்காரி என்று தெருவே சொல்லும் என் மனைவி பிசைந்து அண்டாவில் மூடிவைத்தாள். மத்தியானம் மூடி எழும்பியது. மச்சான் ஓடிப்போய் ஆட்டுக்கல் குழவியைத் தூக்கி அதன் மேல் வைத்தார். குழவியும் எழும்பியது. அதை இறக்கிவிட்டுத் தானே ஏறிச் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். சாயங்காலத்துக்குள் அவர் தலை சீலிங்கில் இடித்தது.

"தோத்துட்டேன்னு சொல்லிட்டு இறங்குங்க மச்சான், மாவை ஓவன்ல வைக்கணும்" என்றேன்.

மீசையை ஒரு கையால் பொத்திக்கொண்டார். "இது பொங்கினதா? உள்ள வெறும் காத்து மாப்ள."

"சின்ன வயசுலேர்ந்தே இப்படித்தான்" என்று மனைவி ஏணி வைத்து அவருக்குக் கடுங்காப்பி கொடுத்துவிட்டு வந்தாள்.

நானும் விடுவதாக இல்லை. மேல் வீட்டுக்காரரிடம் சோபாவைக் கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன்.