ரோட்டரிக்குப் புது சீல்

“ரோட்டரியை அக்குவேறு ஆணிவேறா பிரிச்சுப் பாத்துட்டேன் சார். உள்ள இருக்கிறதை எல்லாம் மாத்தினாத்தான் சரிப்படும்.”

மதில் சுவருக்கு அந்தப் பக்கம் அப்ரோஸ் யாரிடமோ போனில் பேசிக்கொண்டிருந்தான். இந்தப் பக்கம், தன் பெயிண்ட் கடையின் பின்னால் டப்பா அடுக்கிக்கொண்டிருந்த சக்கரபாணி அப்படியே நின்றுவிட்டார்.

செங்கம் சாலையில் இரண்டு பேருக்கும் அடுத்தடுத்த கடை. அப்ரோஸுடையது கார் மெக்கானிக் ஷெட். இருவரும் ஊர் ரோட்டரி சங்கத்தில் உறுப்பினர்கள். சக்கரபாணி அங்கேயே தலை நரைத்தவர். அப்ரோஸ் நேற்று முளைத்தவன். போன பௌர்ணமிக்குக் கிரிவலப் பாதையில் மோர்ப் பந்தல் போட நாயாய் அலைந்தது சக்கரபாணி. பேப்பரில் வந்ததோ, அப்ரோஸ் பல்லெல்லாம் தெரிய மோர் ஊற்றும் படம். அதில் சக்கரபாணியின் முழங்கை மட்டும் விழுந்திருந்தது. அன்று பிடித்த வயிற்றெரிச்சல் இன்னும் அடங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சங்கத்துக்குப் புதுத் தலைவரைத் தேர்ந்தெடுக்கிறார்கள். இந்த முறை தனக்குத்தான் என்று நம்பி, கோட்டு கூடத் தைத்து வைத்திருந்தார்.

அப்ரோஸின் குரல் தொடர்ந்தது.

“பழைய சீல் ஒண்ணும் வேணாம் சார். மூணு எடத்துலயும் புதுசு போட்டுடறேன். போர்டு இன்னும் பெருசாகணும். ஹவுசிங்கை என்கிட்ட விட்டுடுங்க. அப்புறம் பாருங்க, பவர் எங்கியோ போயிடும்.”

சக்கரபாணி கல்லாவில் இருந்த மனைவியிடம் ஓடினார்.

“ஆதி, கேட்டியா சங்கதிய? தலைவர் ஆனதும் பழைய ரப்பர் சீலை எல்லாம் தூக்கிப் போடப் போறானாம். தலைவர், செயலாளர், பொருளாளர், மூணு எடத்துக்கும் புது ஆளு. நிர்வாக போர்டுல வேற ஆள் ஜாஸ்தி பண்றானாம். ஏழைங்களுக்கு வீடு கட்டித் தர்றது நான் சொன்ன யோசனை. அதையும் புடுங்கிக்கினான்.”

“தலைவர் ஆவணும்னு அவன் உங்ககிட்ட சொன்னானா?” என்றாள் ஆதிலட்சுமி.

“இதெல்லாம் சொல்லிட்டா செய்வாங்க?”

“அவன் பாட்டுக்கு வண்டி பாத்துக்கினு இருக்கான். நீங்க ஏங்க வயிறு எரியறீங்க?”

“எரியுதுதான். அவனுக்கு வயசு இருக்கு, சிரிச்சா ஊரே பின்னாடி போவுது. எனக்கு இருக்கிறது இந்த ஒரு ஆசைதான்.”

அடுத்த நிமிடம் ஸ்கூட்டரை எடுத்தார். நேராகப் போய் நின்றது இப்போதைய தலைவர் ராஜமாணிக்கத்தின் லாட்ஜில்.

“அப்ரோஸை லேசா நெனச்சுடாதீங்க. சங்கத்தையே தலைகீழா மாத்தப் போறான்” என்று காதோடு காதாக எல்லாவற்றையும் கொட்டினார்.

ராஜமாணிக்கம் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, “இவ்ளோ யோசிச்சு வெச்சிருக்கானா அந்தப் பையன்?” என்றார்.

“அதைத்தான் சொல்றேன். நானே என் காதால கேட்டேன்.”

அதோடு விட்டாரா? அரிசி மண்டி, மருந்துக் கடை, புடவைக் கடை என்று ஓர் உறுப்பினரையும் பாக்கி வைக்கவில்லை. எல்லோரும் வாயைப் பிளந்து கேட்டார்கள். அன்றுதான் அவருக்கு ஒழுங்காகத் தூக்கம் வந்தது.

ஞாயிறு காலை, தோற்கப்போகிறவன் முகத்தை ஒரு தரம் பார்க்கலாமே என்று ஷெட்டுக்குள் நுழைந்தார்.

“வாங்கண்ணா. நல்ல நேரத்துல வந்தீங்க. ரோட்டரி ரெடி” என்றான் அப்ரோஸ்.

“ரெடியா? எல்லாரும் உன் பக்கம்னு முடிவே பண்ணிட்டியா?”

அப்ரோஸுக்கு ஒன்றும் புரியவில்லை. மேஜை மேல் கிடந்த துணியை விலக்கினான். பளபளவென்று ஓர் இரும்பு முக்கோணம்.

“பெங்களூருக்காரர் ஒருத்தரோட ரேஸ் கார் இன்ஜின்ணா. மத்த வண்டி மாதிரி இதுல பிஸ்டன் கெடையாது. இந்த முக்கோணந்தான் உள்ள சுத்தும். அதான் ரோட்டரி. மூணு மூலையிலயும் சீல் இருக்கு பாருங்க. அது தேஞ்சா இன்ஜின் வீக் ஆயிடும். ரேஸுக்குத் தாங்கற மாதிரி கெட்டியா புதுசு போட்டிருக்கேன்.”

“போர்டு?”

“காத்து உள்ள போற வழிக்குப் போர்ட்டுனு பேருண்ணா. அதை அரைச்சுப் பெருசு பண்ணா காத்து ஜாஸ்தி போவும், பவர் ஜாஸ்தி வரும்.”

“அப்ப ஹவுசிங்?” என்றார் சக்கரபாணி.

“முக்கோணம் சுத்தற கூடு. உள்பக்கம் கீறல் விழுந்து இருந்துச்சு. கோட்டிங் போட்டு வாங்கிட்டேன்.”

“அப்ப நீ சங்கத்துக்குத் தலைவர் ஆவணும்னு...”

“நானா? எனக்கு ஏதுண்ணா நேரம்? சாயந்திரம் வந்து உங்களுக்குக் கை தூக்கிட்டு வந்துடலாம்னு இருந்தேன்.”

சக்கரபாணிக்கு ஒரு பக்கம் வெட்கம் பிடுங்கித் தின்றது. இன்னொரு பக்கம் பாரம் இறங்கியது. எத்தனையோ நாளுக்குப் பிறகு அந்தப் பையனைப் பார்த்து மனசாரச் சிரித்தார்.

அவர் சட்டைப் பையில் போன் அடித்தது. ராஜமாணிக்கம்.

“சக்கரபாணி, எல்லாரும் பேசி முடிச்சுட்டோம். நெஜத்தைச் சொல்லணும்னா, இந்த வருஷம் உங்களைத்தான் தலைவர் ஆக்கறதா இருந்தோம். வேற யாரும் எங்க மனசுல இல்ல. ஆனா நீங்களே கடை கடையா ஏறி எறங்கி அவன் திட்டத்தை எல்லாம் எடுத்துச் சொன்னீங்க பாருங்க, அப்புறம் எல்லாரும் ஒரே வாயா அப்ரோஸ்தான்னு சொல்லிட்டாங்க. சாயந்திரம் மாலையை நீங்களே உங்க கையால போட்டுடுங்க.”