பென்சில் சீவல் ஆந்தை

"கொஞ்சம் கெடுத்துத் தர முடியுமா?"

கீழ்வீட்டு அக்கா ஒருமுறை இப்படிக் கேட்டபோது சிறுமி குருவியின் அம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை. அக்காவின் பையனுக்காக அவள் ஐஸ் குச்சிகளில் செய்து கொடுத்த வீடு அச்சில் வார்த்தது போல இருந்தது. அதுதான் குறையாம். பெரியவர்கள் செய்தது என்று பள்ளியில் பார்த்ததுமே சொல்லிவிடுவார்களாம்.

அவள் இரண்டு குச்சிகளைப் பிடுங்கிக் கோணலாக ஒட்டிக் கொடுத்தாள். அன்றைக்குத்தான் தொழில் பிடிபட்டது. அதற்குப் பிறகு தெருவில் எந்தப் பிள்ளைக்குக் கைவேலை என்றாலும் அவளிடம்தான் வந்தார்கள். வீட்டில் அடுப்பு எரிந்ததும் அதனால்தான்.

கெடுப்பதற்கும் ஒரு பக்குவம் உண்டு. கத்தரிக்கோலை இடது கையில் பிடித்தால் காகிதத்தின் ஓரம் எலி கடித்தது போல வரும். பசை இரண்டு இடத்தில் வழியலாம். மூன்றாவது இடத்திலும் வழிந்தால் சந்தேகம் வரும். வண்ணத்தின் மேல் விரல் பட்ட கறை ஒன்று கட்டாயம் வேண்டும். கட்டைவிரல் பெரிதாகப் பதிந்து காட்டிக்கொடுத்துவிடும் என்பதால் அதைச் சுண்டுவிரலால் வைப்பாள்.

ஊரார் பிள்ளைகளுக்குச் செய்ததில் சொந்த மகளுக்குச் செய்ய நேரம் வாய்த்ததே இல்லை. போன வருடப் பள்ளிக் கைவேலைக் கண்காட்சிக்கு, மிச்சம் விழுந்த காகிதத்தில் அம்மா அவசரமாக மடித்த கப்பலைத்தான் குருவி கொண்டு போனாள். மேஜையில் இடமில்லை என்று அதை அலமாரிக்கு மேல் தூக்கி வைத்துவிட்டார்கள்.

மூன்றாம் வகுப்புக்கு வந்ததும் அவள் கறாராகச் சொல்லிவிட்டாள்.

"இந்த வருஷம் நானே செய்யறேன். நீ தொடக்கூடாது. மேஜையில என் பேரு எழுதின அட்டையோட இருக்கணும்."

வகுப்புக் குப்பைத்தொட்டியிலிருந்து ஒரு மாதமாகப் பென்சில் சீவல் பொறுக்கி வந்தாள். இப்போது தன் பெயர் 'குப்பைக் குருவி' என்று நீண்டுவிட்டதாக அவளே சிரித்துக்கொண்டு சொன்னாள். கறுப்பு ஓரச் சீவல் ஒரு டப்பாவில், சிவப்பு ஓரச் சீவல் இன்னொரு டப்பாவில். ஒவ்வொன்றாக எடுத்து, இறகின் மேல் இறகாக அட்டையில் அடுக்கி ஓர் ஆந்தை செய்தாள். சரியாக வராத இறகைப் பிய்த்துவிட்டு மறுபடி ஒட்டினாள்.

அம்மா எட்டிப் பார்த்தாள். கெடுக்கக் கற்றுக்கொள்வதற்கு முன்பு தனக்கிருந்த கை அப்படியே மகளிடம் வந்திருப்பதைக் கண்டாள்.

"ஒரு ஓரத்துல கொஞ்சம் பசைய வழிய விடு கண்ணு."

"ஏம்மா? நல்லாத்தானே இருக்கு?"

அம்மா கத்தரிக்கோலை இடது கைக்கு மாற்றிக்கொண்டாள். கையில் முடிக்க வேண்டிய வேலை இருந்தது.

கண்காட்சி நாளன்று அம்மாவோடு வகுப்புக்குள் நுழைந்ததும் குருவி நேராக மேஜைக்கு ஓடினாள். இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் இரண்டு தடவை நடந்து பார்த்தாள். முந்தின நாளே கொடுத்திருந்த ஆந்தை அங்கே இல்லை. டீச்சரின் நாற்காலிக்கு அடியில், சுவரைப் பார்த்தபடி சாய்ந்திருந்தது.

கைவேலை டீச்சர் கெட்டவர் இல்லை. அம்மாவை ஓரமாகக் கூப்பிட்டுத் தாழ்ந்த குரலில்தான் பேசினார். பிள்ளைகள் தாங்களாகவே செய்ய வேண்டும் என்று முன்பே எழுதி அனுப்பியதை நினைவுபடுத்தினார். எட்டு வயதுக் கையால் இப்படி ஒட்ட முடியாது என்றார். பிறகு மேஜையைக் காட்டினார்.

"மத்ததெல்லாம் பாருங்கம்மா. ஓரம் கோணலா இருக்கு, பசை வழிஞ்சிருக்கு. இந்த விரல் கறையப் பாருங்க, எவ்வளவு சின்னதா பதிஞ்சிருக்கு. இதுதான் குழந்தை கை."

அம்மா தன் சுண்டுவிரலை உள்ளங்கைக்குள் மடக்கிக்கொண்டாள். மேஜையில் இருந்த பதினொன்றும் அவள் செய்தவை.

"என் பொண்ணுதான் செஞ்சா டீச்சர். நான் தொடக்கூட இல்ல."

அவள் நினைத்ததைவிடக் குரல் உரத்து வந்துவிட்டது. பிள்ளைகளோடு நின்றிருந்த அம்மாக்கள் எல்லோரும் திரும்பினார்கள்.

டீச்சர் குருவியைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அந்த முகத்தில் பொய் இல்லை என்று அவருக்கும் தோன்றியிருக்க வேண்டும்.

"சரி, இப்படிச் செய்யலாம். இவள மட்டும் செய்யச் சொன்னா சோதனை வச்ச மாதிரி ஆயிடும், பாவம். எல்லாக் குழந்தைங்களும் அவங்கவங்க செஞ்சதுல ஒரு சின்னத் துண்டு இங்கயே செஞ்சு காட்டட்டும். காகிதம், பசை, பென்சில் எல்லாம் இருக்கு."

அவர் சொல்லி முடிப்பதற்குள் குருவி முதல் பெஞ்சில் உட்கார்ந்து பசை டப்பாவைத் திறந்துவிட்டாள். ஒரு மாதமாகக் காத்திருந்த மேஜை இடத்துக்கு இன்னும் கால் மணி நேரம்தான்.

மற்ற பிள்ளைகள் தங்கள் அம்மாக்களைப் பார்த்தார்கள். அந்த அம்மாக்கள் எல்லோரும் குருவியின் அம்மாவைப் பார்த்தார்கள். கீழ்வீட்டு அக்கா பக்கத்தில் வந்து, அடுத்த வாரம் தன் சின்ன மகளுக்கும் ஒன்று செய்யச் சொல்லியிருந்ததைக் குருவியின் அம்மாவிடம் காதோடு சொன்னாள். அவ்வளவுதான் சொன்னாள்.

குருவி மட்டும் அம்மாவைத் திரும்பிப் பார்க்கவில்லை. எந்தப் பென்சிலைச் சீவலாம் என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வேண்டாம் டீச்சர்," என்றாள் அம்மா. "அந்த ஆந்தைய நான்தான் செஞ்சேன்."

குருவி பசை டப்பாவை மூடிப் பெஞ்சின் மேல் வைத்தாள். எழுந்தாள். அம்மாவைத் தாண்டி, வாசல் வழியாக வெளியே போனாள்.