ஆசையாய் வாங்கிய ஷால்

"சீனா சுத்திப் பார்க்கப் பணம் எதுக்குங்க? மூளை இருந்தாப் போதும்!" என்றார் கல்யாணசுந்தரம்.

குவைத்தில், அவருடைய ஃபர்வானியா ஃபிளாட்டுக்கு விருந்துக்கு வந்திருந்த கௌரிசங்கரும் தாரிணியும் வாயைப் பிளந்தார்கள்.

"குழந்தைங்களுக்கு அங்கே உயரத்தைப் பார்த்துதான் டிக்கெட். நம்ம பசங்க ரெண்டு பேரையும் முழங்காலை மடக்கி நிக்க வச்சேன். எல்லா இடத்துலயும் ஓசி! சாப்பாட்டுக்கு இங்கேருந்தே ரைஸ் குக்கர்."

பெருஞ்சுவரின் அடியில் உட்கார்ந்து பருப்புப்பொடிச் சாதம் பிசைந்தது அவர் மனைவி சந்திரகலாவுக்கு நினைவு வந்தது. ஒரு டீ கேட்டதற்கே முறைத்த மனிதர்!

"அப்படிப்பட்டவரு இந்தப் பட்டு ஷாலை எப்படிக்கா வாங்கித் தந்தாரு?" தாரிணி அவள் தோளைத் தடவினாள்.

"கலா..." கல்யாணசுந்தரத்தின் குரல் கெஞ்சியது.

"ஆசையா வாங்கித் தந்தாரு" என்று சிரித்தாள் சந்திரகலா.

அரண்மனை வாசலில் டிக்கெட் கொடுத்த பெண், செல்போனில் மொழிபெயர்த்துக் காட்டியது அவளுக்கு மனப்பாடம்: 'பேரப்பிள்ளைகளுக்கு டிக்கெட் வேண்டாம். தாத்தாவுக்கும் வேண்டாம்.'

பயணம் முழுவதிலும் அவர் பாஸ்போர்ட்டை நீட்டி, சண்டை போட்டு, தனக்கு முழு டிக்கெட் வாங்கிய ஒரே இடம் அதுதான். வெளியே வந்ததும் முதல் வேலையாக ஷாலை வாங்கி அவள் கையில் திணித்தார், குவைத்தில் யாரிடமும் மூச்சு விடக் கூடாது என்று.

"இதுக்குப் பொருத்தமா ஹேண்ட்பேக்கும் வாங்கித் தர்றேன்னிருக்காரு தாரிணி. இல்லீங்களா?"

நேற்றுதான் மை அடித்த தலையைக் கல்யாணசுந்தரம் வேகமாக ஆட்டினார்.