புதன்கிழமைக் கூட்டம்

தோஹாவில் வெள்ளிக்கிழமைதான் கலியமூர்த்திக்கு விடுமுறை. வாராவாரம் அன்றைக்குத்தான் சிறுவாச்சூர் காபிக் கடைக்குப் போன் போடுவான். பெரிய கம்பெனியின் ஃபிராஞ்சைஸ் கடை அது. நடத்துகிறவர் கைமாற்றிவிடப் பார்க்கிறார். பேச்சும் சிரிப்பும் டம்ளர் சத்தமுமாகக் கடை இரைவது கலியமூர்த்தியின் காதில் விழும். இதை வாங்கிவிட்டால் ஊரோடு இருந்துவிடலாம், மகளைப் போனிலேயே கொஞ்சிக்கொண்டிருக்க வேண்டாம் என்று பாதி முடிவு செய்துவிட்டான்.

மனைவி செல்வராணிதான் குறுக்கே நின்றாள். “அது கோயிலுக்கு வர்ற கூட்டங்க. திங்களும் வெள்ளியும்தானே நடை தொறக்கும்? மத்த நாள்ல யாரு வருவா?”

“சரி, புதன்கிழமை நீயே போய்ப் பாரு. நான் கடை போனுக்குப் பேசுறேன்.”

புதனன்று சாப்பாட்டு இடைவேளையில் கூப்பிட்டான். செல்வராணியே எடுத்தாள். அவள் குரலுக்குப் பின்னால் அதே இரைச்சல். அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

“என்னமோ சொன்னியே. உக்கார எடமாவது கெடச்சுதா?”

“ஏங்க, என்ன ஆச்சு?”

“அதான், இவ்ளோ கூட்டம் இருக்கே.”

“எந்தக் கூட்டம்? ஈ காக்கா இல்லீங்க. கடைக்காரர்கூட சாவியக் குடுத்துட்டு வாசல்லயே நிக்கிறாரு, கூப்புட்டாலும் உள்ள வரமாட்டேங்கிறாரு. நான் மட்டுந்தான் இருக்கேன்.”

அவள் அப்படிச் சொன்னதும், பின்னாலிருந்த அத்தனை பேச்சும் ஒரேயடியாக அடங்கியது.

பிறகு, அவளுக்குப் பக்கத்தில் யாரோ நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரும் சத்தம் அவனுக்குக் கேட்டது.