இரண்டு பேருக்கான வேகம்

கொட்டகையில் அண்ணனும் நானும் கட்டிய விமானத்தை அண்ணி தன் சக்களத்தி என்பாள். அதற்குச் சின்னச் சிறகு முன்னால், பெரிய சிறகும் காற்றாடியும் பின்னால். வேகம் குறைந்தால் முன்சிறகு தூக்குவதைக் கைவிட்டுவிடும், மூக்கு கவிழும். ஒருவர் மட்டும் இருந்தால் மணிக்கு எழுபது மைலில் கவிழும், இருவர் என்றால் எழுபத்தெட்டில். ஒருநாள் தரையிறங்கும்போது அண்ணன் தரைக்குச் சற்று மேலேயே வேகத்தை விட்டுவிட்டான். மூக்கு ஓடுபாதையில் குத்தியது. அன்றோடு போய்விட்டான்.

உடைந்ததையெல்லாம் ஒட்டி, இன்றுதான் தனியாக எடுத்துப் போனேன். உயரத்தில் வேகத்தைக் குறைத்துப் பார்த்தேன். எழுபத்தெட்டிலேயே மூக்கு கவிழ்ந்தது. மறுபடி பார்த்தேன், அதேதான். வேகத்தைக் கூட்டி வைத்தே தரையிறங்கி, கொட்டகைக்கு ஓட்டி வந்தேன்.

கொட்டகை வாசலில் அண்ணி நின்றாள்.

"எத்தனையில கவிழுது?"

"எழுபத்தெட்டு, அண்ணி. மீட்டர் சரியில்ல போல."

"அது ரெண்டு பேர் கணக்காச்சே."

முன்னால் அருகருகே உள்ள இரண்டு இருக்கையும் காலியானால் இந்த விமானம் பின்பக்கம் சாய்ந்து காற்றாடியை உடைத்துக்கொள்ளும். அதனால் முன்சக்கரத்தை மடக்கி, மூக்கைத் தரையில் மண்டியிட வைத்த பிறகுதான் இறங்குவோம். இன்று பேச்சுவாக்கில் மடக்காமலே இறங்கிவிட்டேன். பதறிப்போய் மூக்கை அமுக்கிப் பிடித்தேன். அமுக்க வேண்டிய தேவையே இல்லை. விமானம் நேராக நின்றது.

அண்ணி சுற்றிப்போய் மறுபக்கக் கதவைத் திறந்தாள்.

"போதும், இறங்குங்க."

சொல்லிவிட்டு, ஓர் ஆள் இறங்கும் அளவுக்கு ஒதுங்கி நின்றாள்.

என் உள்ளங்கையைத் தள்ளிக்கொண்டு மூக்கு மெதுவாக மேலே எழுந்தது.