ஒரு கூரைக்கு எத்தனை தலை

இன்னிக்கு இவளைக் கையும் களவுமா பிடிச்சிடணும்னுதான் மேப் சார் கார்ல இருந்து இறங்கினாரு. பின்னாடியே கணக்கெடுக்கிற பொண்ணு ஃபைலைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு வந்தா. மூணு மாசம் அலையா அலைஞ்சு வாங்கின வேலை அவளுக்கு.

மக்கள்தொகை ஆராய்ச்சி ஆபீஸ்ல சாரோட கம்ப்யூட்டர்தான் சாமி. சாட்டிலைட் மேப்புல கூரையை அளந்து, அதுக்குக் கீழ எத்தனை பேர்னு சொல்லிடும். இந்தத் தகரக் கொட்டகைக்கு அது சொன்னது பன்னிரண்டு. நேர்ல போய் எண்ணினவ எழுதினது முப்பத்தாறு.

"வானத்துல இருந்து பார்க்கிற மிஷின் முட்டாள், மரத்தடியில உட்கார்ந்து எழுதின நீ புத்திசாலியா?" வழி நெடுக இதையேதான் விதவிதமா கேட்டுட்டு வந்தாரு. கணக்கு பொய்னா இன்னிக்கே வேலை காலின்னும் சொல்லிட்டாரு. அவ வாயைத் திறந்தப்பல்லாம், நீ பேசாத, என் மேப் பேசும்னு அடக்கிட்டாரு.

கதவைத் தள்ளினாரு. ஜன்னலையெல்லாம் அட்டை வச்சு அடைச்சிருந்தாங்க. வரிசையா கட்டில், கட்டிலுக்கு ஒரு குறட்டை.

பட்டப்பகல்ல தூக்கத்தைப் பாருன்னு முகத்தைச் சுளிச்சுக்கிட்டே விரலை நீட்டி எண்ணினாரு. கச்சிதமா பன்னிரண்டு. ஒவ்வொரு தலைமாட்டுலயும் மூணு துண்டு தொங்கிச்சு. ஆளுக்கு மூணு துண்டு, துரைமாருங்க வசதியாத்தான் இருக்காங்கன்னு அதுக்கும் ஒரு நக்கல்.

"எங்கம்மா மிச்சம் இருபத்தி நாலு பேரு? கட்டிலுக்கு அடியிலயா?"

"அஞ்சே நிமிஷம் இருங்க சார். ரெண்டு மணி ஆயிடட்டும்."

"எதுக்கு, ஆளைக் கூட்டிட்டு வந்து நிரப்பவா?"

ஃபைலைப் பிடுங்கி, முப்பத்தாறை அடிச்சுட்டு பன்னிரண்டுன்னு கொட்டை எழுத்துல எழுதினாரு. நான் எழுதினது பொய்தான்னு கீழ கையெழுத்துப் போடச் சொல்லி பேனாவை நீட்டினாரு.

அவ பேனாவை வாங்கல.

எதிர் ஃபேக்டரியில ரெண்டு மணி ஷிப்ட் சங்கு ஊதிச்சு. கொஞ்ச நேரத்துல, முழங்கை வரைக்கும் கிரீஸோட ஒருத்தன் உள்ள வந்தான். வழியில கிடந்த நாற்காலியைச் சுத்திப் போற மாதிரி சாரைச் சுத்திக்கிட்டுப் போயி, முதல் கட்டில்ல தூங்கினவனைத் தட்டினான்.

"எந்திரி மச்சான், இனி நான் படுக்கணும்."